பதினான்கில் நின்ற திரை

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது, மறைக்க ஒன்றுமில்லை. எனக்குக் கொடுத்திருப்பது இருநூற்றைம்பது சொல். 'அரியமங்கலத்தில் ஓர் இளங்காலைப்பொழுது...' என்று தொடங்கி, அடித்துவிட்டேன். இளங்காலையாம், மண்ணாங்கட்டி!

2

பானுப்ரியா அரியமங்கலத்தில் ஒரு டயாலிசிஸ் மையத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவள். (மையம் கற்பனை. கோபம் கற்பனையில்லை.) யாருக்கு எப்போது, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் ஒரே சர்வரில். அதன் அடியில் இருக்கும் கர்னல் என்ற அடிப்படை நிரல்தான் எல்லா நிரல்களுக்கும் நினைவகத்தைப் பங்கிடும். வரம்பு வைக்காவிட்டால், ஒரே நிரலுக்குக் கேட்கக் கேட்க அள்ளிக் கொடுத்துவிட்டு மற்றவற்றுக்குக் கையை விரித்துவிடும். நோயாளிகளை வரிசை எண்படி கூப்பிடும் டோக்கன் நிரல் அப்படித்தான் தின்றுகொண்டிருந்தது. அதற்கு வரம்பு வைக்க அனுமதி கேட்டு மேலாளரிடம் மூன்று முறை எழுதிக் கொடுத்தாள்.

3

ஆயுத பூஜையன்று மேலாளர் அன்புச்செல்வன் சர்வருக்குச் சந்தனப் பொட்டு வைத்தார்.

"சார், வரம்பு வைக்க ஒரே ஒரு வரி சார். ரெண்டு நிமிஷம் நிறுத்தி எழுப்பினாப் போதும். இன்னிக்கு விட்டா தாங்காது."

"பூஜைக்கு வெச்சத நாளைக்கு வரைக்கும் தொடக் கூடாதும்மா. இவ்ளோ நாள் ஓடலையா?"

[பூஜையிலும் ஓடிக்கொண்டுதான் இருந்தது ஐயா! பொட்டோடு ஓடலாம், பழுது மட்டும் பார்க்கக் கூடாதாம்.]

4

மறுநாள் காலை சர்வர் மூச்சடைத்தது. டோக்கன் திரை பதினான்கில் நின்றது. பதினைந்தாம் எண், திருவெறும்பூரிலிருந்து வந்த தாஜுதீன்.

"என் பேரைக் கூப்பிட்டாங்களாம்மா?"

"இன்னும் இல்லீங்க பாய்."

நாலு மணி நேரம் இதையே கேட்டார். கால் வீங்கியிருந்தது, மூச்சு இரைத்தது. இங்கே அவரைக் கொன்றால் கதை கனக்கும் என்று ஒரு வரி தொடங்கினேன்: தாஜுதீனின் தலை மெல்லச் சாய்ந்

மாட்டேன். ஓர் ஆள் செத்தால்தான் உங்களுக்குக் கோபம் வருமா?

5

மாலையில் அன்புச்செல்வன் ஒரு தாளை நீட்டினார். 'காரணம்: பானுப்ரியாவின் கவனக்குறைவு.' கையெழுத்துப் போட்டால் பேர் போகும். போடாவிட்டால் வேலை போகும்.

"நீ இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கணும்மா. நான் என்ன இதெல்லாம் படிச்சவனா? எனக்கும் மேல ஆள் இருக்காங்க, அது மட்டுமில்ல, பொதுவா பாத்தா இந்த

போதும். அவர் வாய்க்கு வரம்பு வைத்துவிட்டேன். ஒரே வரிதான் ஆயிற்று. எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளவில்லை.

மிச்சச் சொற்கள் பானுப்ரியாவுக்கு. அவள் தாளைத் திருப்பிப் போட்டு, தான் எழுதிக் கொடுத்த மூன்று தேதிகளையும் வரிசையாக எழுதினாள். நான்காவதாகப் பூஜை நாள். அதன் கீழே 'நேரில் பார்த்த சாட்சி' என்று எழுதி, கையெழுத்துக்கு ஒரு கோடு இழுத்தாள்.

பூஜையன்று சர்வர் அறையில் அவர்களைத் தவிர இருந்தது நாம் இருவர்தான், நானும் படிக்கிற நீங்களும். நான் கதை கட்டுகிற ஆள், என் கையெழுத்து செல்லாது. பேனா, இந்தாருங்கள்.