இரத்தினவேலின் கத்தி

ஸ்ரீதரனுக்கு இரத்தினவேல் அடித்ததை நான் என் கண்ணால் கண்டவன். 1986 மாசி மாதம், நாங்கள் வெளிநாடு வந்து குடியேறிய வெக்ஸ்போர்ட்டில் எங்கள் கட்டடத்து வாசலில், கார் நிறுத்துகிற இடத்துக்காக வந்த சண்டை. ஒரே குத்து, ஸ்ரீதரனின் தாடை உடைந்தது. பிழைதான். கண்டதைப் பொலிசுக்கு நானே தமிழில் எழுதிக் கொடுத்தேன். ஆனால் அதற்கு நாலு வருசம் சிறைமறியலா? அநியாயம்!

இரத்தினவேலின் மனைவி மங்கையற்கரசி அப்பீல் போட்டாள். தோற்றால், அவள் வயிற்றிலிருக்கிற பிள்ளை நடந்து திரிகிற வயதில்தான் தகப்பனைக் காணும்.

“அண்ணை, இவர் கத்தியோட வந்தவர் எண்டு தீர்ப்பில கிடக்காம். அதுதான் இவ்வளவு வருசமாம்,” என்றாள்.

“என்ன விசர்க்கதை? அவனிட்டை ஏது கத்தி?”

“கோர்ட்டில இங்கிலீசில வாசிக்க, விளங்காமல் எல்லாத்துக்கும் ஓம் எண்டு தலையாட்டிப்போட்டார்.”

எனக்கு விடுப்பு அறியும் ஆவல் அடங்கவில்லை. இல்லாத கத்தி எங்கேயிருந்து முளைத்தது? ஸ்ரீதரனிடமே போய்க் கேட்டேன்.

“கத்தியோ? கைதான் அண்ணை. நான் ஏன் பொய் சொல்லுவான்?” என்றான்.

இரத்தினவேலின் லோயருடைய கந்தோருக்குப் போனேன். அங்கே மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிற றோஸ்மேரி கோப்பை விரித்தாள். நான் எழுதிக் கொடுத்த சாட்சியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் கத்தி இருந்தது.

“உந்தச் சாட்சியை மொழிபெயர்த்த மடையன் ஆர்? தமிழ் தெரியாததுகள் எல்லாம் வெளிக்கிட்டால் உப்பிடித்தான்!” என்று குதித்தேன். யாழ்ப்பாணத்தில் பத்து வருசம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான். இங்கேயும் கலியாண அழைப்பிதழ்களைச் சிவப்புப் பேனையால் கீறிக் கொடுத்து ஊராரின் வெறுப்பைச் சம்பாதித்தவன்.

அவள் தமிழ்க் கடதாசியை என் முன் வைத்தாள். என் கையெழுத்துத்தான்.

‘இரத்தினவேல் கத்தி கொண்டு வந்தான்.’

நான் எழுத நினைத்தது ‘கத்திக்கொண்டு வந்தான்’. கூச்சல் போட்டுக்கொண்டு வந்தான் என்று. நடுவில் ஒரு ‘க்’ இல்லை.

காது இரண்டும் சுட்டது. கடவுளே, நான்தான் அந்த மடையன்.

“என்ர பிழை எண்டு சத்தியக்கடதாசி எழுது, பிள்ளை.”

“ஊரெல்லாம் தெரியவரும், தில்லையம்பலம் அண்ணை.”

“வரட்டும்.”

1987 பங்குனியில் அப்பீல் எடுபட்டது. கத்தி இல்லையென்றால் ஒன்பது மாதம் போதும் என்றார்கள் நீதிபதிகள். அவன் ஏற்கெனவே பத்து மாதம் கழித்திருந்தான். அன்றைக்கே விட்டார்கள். பிள்ளைக்கு அப்போது இரண்டு மாதம்.

மறுநாள் பகல் எங்கள் கொரிடோரில் அவன் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தேன். ஒரு குத்து விழுந்தால் வாங்குவதென்றே நின்றேன்.

“ஒரு எழுத்து, அண்ணை! அதை ஒழுங்கா எழுதியிருந்தால் என்ர பிள்ளை பிறக்கேக்கை நான் பக்கத்தில நிண்டிருப்பன்!”

அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நானும் அழுதேன்.

யாராவது கேட்டால் இப்போது சரியாக எழுதிக் கொடுப்பேன். இரத்தினவேல் கத்திக்கொண்டு வந்தான். அவன் கையில் ஒன்றும் இருக்கவில்லை.