பெரியப்பா ஒரு கடினமான வார்த்தை

வீட்டில் அவளைக் கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறாம் வகுப்பில் மூக்கின் மேல் ஏறிய கண்ணாடி இன்றுவரை இறங்கவில்லை. போதாக்குறைக்கு, படித்து முடித்ததும் கண் மருத்துவமனையில் பார்வை பரிசோதிக்கும் வேலைக்கே போய்விட்டாள். நாள் முழுக்க அரை இருட்டில் உட்கார்ந்து, வருகிறவர்களின் கண் முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்பாள். இரண்டிலும் ஒன்றும் தெரியாதவர்கள்கூட, "ரெண்டுமே நல்லாத் தெரியுதுங்க" என்று அடித்துச் சொல்வார்கள். மனுஷ ஜாதி எவ்வளவு பொய் சொல்லும் என்பதை அவள் அந்த அறையில்தான் தெரிந்துகொண்டாள்.

அவளுக்கு மேலே படிக்க ஆசை. குழந்தைகளின் பார்வை பற்றி ஆராய்ச்சி செய்ய வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று இடமும் தருவதாக இருந்தது. ஒரே நிபந்தனை, ஆங்கிலச் சொல்லறிவையும் வாசிப்பையும் சோதிக்கிற நுழைவுத் தேர்வில் அவர்கள் கேட்கிற மதிப்பெண் வரவேண்டும். இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கோட்டை விட்டாள். முதல் முறை அகராதியை முன்னாலிருந்து மனப்பாடம் செய்தாள். எஃப் வரை தண்ணீர் பட்ட பாடு, அதற்கப்புறம் கும்மிருட்டு. அடுத்த முறை பின்னாலிருந்து ஆரம்பித்தாள். நடுவில் இருந்த எழுத்துகள் அவளை மன்னிக்கவே இல்லை. மூன்றாவது முறையும் கவிழ்ந்தால் இடத்தை வேறொருவருக்குத் தர நேரும் என்று பல்கலைக்கழகம் மிக மரியாதையாகத் தெரிவித்திருந்தது. அவ்வளவு மரியாதையைப் பார்த்துப் பயந்துபோய் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தாள்.

வழி சொன்னவர் அங்கிருந்த ஆசிரியர். மின்விசிறி ஓடினால் அவருடைய டை தோளுக்குப் பின்னால் போய்விடும். அதை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டே சொன்னார்: "வார்த்தையை மனப்பாடம் பண்ணாதீங்க. ஆளைப் பிடிங்க. ஒவ்வொரு வார்த்தைக்கும் உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு மூஞ்சி. மூஞ்சி ஞாபகம் வந்தா அர்த்தம் தானா வரும்."

ஆள் பிடிக்க அவள் வெளியே அலைய வேண்டியிருக்கவில்லை. சொந்தக்காரர்கள் இருந்தார்கள்.

பார்சிமோனியஸ் என்றால் மகா கஞ்சம். நாக்கைச் சுளுக்க வைக்கிற இந்த வார்த்தையைப் பெரியப்பாவின் கழுத்தில் மாட்டினாள். எச்சில் கையால் காக்கா ஓட்டாத மனிதர். டிஷ்யூ காகிதத்தை இரண்டாகக் கிழித்து ஒரு பாதியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். போனில் பேசும்போது விளக்கை அணைத்துவிடுவார். பேச்சுக்கு எதற்கு வெளிச்சம் என்று கேட்பார். அந்த போனுக்கு சார்ஜ் போடுவது மட்டும் எப்போதும் தம்பி வீட்டில், அதாவது கண்ணாடியின் வீட்டில். தம்பியோ கப்பலில் சமையல்காரர், கேட்க ஆள் கிடையாது.

பெல்லிகோஸ் என்றால் சண்டைக்கு நிற்கிற குணம். இது சித்திக்கு அளவெடுத்துத் தைத்த வார்த்தை. லிஃப்ட் வரத் தாமதமானால் லிஃப்ட்டோடு சண்டை. போனில் 'ஒன்றை அழுத்தவும்' என்று பதிவுக் குரல் சொன்னால், "எனக்கு உத்தரவு போட நீ யாருடி?" என்பாள்.

கேரலஸ் என்றால் ஓயாத வாய். இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை, மாமா. டாக்சி ஓட்டுகிறார். அவர் வண்டியில் ஏறுகிறவர்கள் பாதி வழியிலேயே "இங்கயே நிறுத்துங்க, நடந்துக்கறேன்" என்று இறங்கிவிடுவார்கள்.

இப்படி ஆளுக்கு ஒன்றல்ல, ஆளுக்கு ஒரு கொத்து வார்த்தை. மூஞ்சி நன்றாகப் பதிய வேண்டுமே என்று ஓய்ந்த நேரமெல்லாம் அவர்கள் வீட்டிலேயே கிடந்தாள். பெரியப்பா சோப்புத் துண்டுகளை ஒட்டிப் புதுக் கட்டி செய்வதைக் கன்னத்தில் கைவைத்துப் பார்த்தாள். மாமாவின் வண்டியில் முன் இருக்கையில் உட்கார்ந்து, ஒரு கதையைக்கூட நடுவில் வெட்டாமல் கேட்டாள். மாமாவுக்கு வாழ்க்கையில் இது முதல் தடவை. "பிள்ளைக்கு நம்ம மேல பாசம் பொங்குது" என்று மூவரும் நெகிழ்ந்துபோனார்கள். பாவிகள், தாங்கள் பாடப்புத்தகம் என்று அவர்களுக்குத் தெரியாது.

வாசிப்புப் பகுதிக்குச் சித்திதான் கைகொடுத்தாள். கடல் அட்டை பற்றியும் பாறைப் பாசி பற்றியும் அச்சடித்த பத்திகளை மூன்றாம் வரி வரை படித்தால் முதல் வரி மறந்துபோகும். ஒருநாள் சித்தி எட்டிப் பார்த்து, "பாசிக்கு உணர்ச்சி உண்டுன்னு எவன் சொன்னான்? ஆதாரம் எங்க?" என்று பத்தியோடு மல்லுக்கு நின்றாள். ஆதாரம் நாலாம் வரியில் இருந்தது. பத்திக்குக் கீழே கேட்டிருந்த கேள்விக்கு விடையும் அதுதான். அன்றிலிருந்து கண்ணாடி எதைப் படித்தாலும் சித்தி குரலில்தான் படித்தாள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. தேர்வுக்கு முந்தின நாள் அம்மா மூன்று பேருக்கும் போன் போட்டாள். ஜன்னல் திரை தைத்துக் கொடுக்கிற அம்மாவுக்கு எதையும் மடிப்புக் கலையாமல் வைத்திருக்க வேண்டும். "நாளைக்குப் பரீட்சை. பிள்ளை மனசு கோணாம நடந்துக்கணும், எல்லாரும்" என்று கண்டித்துச் சொன்னாள்.

சாயங்காலம் மூவரும் வந்தார்கள்.

பெரியப்பா ஒரு பெட்டியை நீட்டினார். உள்ளே புத்தம்புதுக் கைக்கடிகாரம். "நேரம் பார்த்து எழுதுடா கண்ணு. நல்ல கம்பெனி, தள்ளுபடிகூடக் கேக்கல" என்றார். சித்தி லிஃப்ட்டில் பக்கத்து வீட்டுக்காரியிடம் "நீங்க முதல்ல போங்க" என்று வழிவிட்டு, படியேறி மூச்சிரைக்க வந்து, எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். மாமா வாயில் விரலை வைத்தபடி மூலையில் உட்கார்ந்தார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பார்கள். ஒரே சாயங்காலத்தில் மூன்று வால் நிமிர்ந்துவிட்டது.

கண்ணாடி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மாதிரித் தேர்வு ஒன்றை எழுதிப் பார்த்தாள். பார்சிமோனியஸ். பெரியப்பா வந்தார், கையில் கடிகாரத்தோடு. 'வாரி வழங்குகிற' என்பதற்கு எதிரே கோடு போட்டாள். பெல்லிகோஸ். சித்தி சிரித்தாள். 'சாந்தமான' என்று போட்டாள். கேரலஸுக்கு 'மௌனி'. திருத்திப் பார்த்தபோது பாதிக்கு மேல் தப்பு. மாதக்கணக்கில் கட்டியதை ஒரு கைக்கடிகாரம் இடித்துத் தள்ளிவிட்டது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வெளியே வந்து பெட்டியைப் பெரியப்பா மடியில் வைத்தாள். "பெரியப்பா, தயவு செஞ்சு இதைத் திருப்பி எடுத்துக்கோங்க."

"ஏன்டா, நிறம் பிடிக்கலையா?"

"நீங்க கஞ்சமா இருந்தாத்தான் எனக்கு மார்க்கு வரும்."

அப்புறம் மறைக்க என்ன இருக்கிறது? ஆசிரியர் சொன்னது, மூஞ்சி பிடித்தது, யாருக்கு என்ன வார்த்தை, எல்லாவற்றையும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கொட்டிவிட்டாள். "இப்படி எல்லாரும் திடீர்னு நல்லவங்களா மாறினா நான் என்ன பண்ணுவேன்?" என்று முடித்தாள்.



"நானா கஞ்சன்?" பெரியப்பா எழுந்தார். "கொண்டா அந்தப் பெட்டியை! ரசீது இருக்கு, நாளைக்கே திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிடறேன்."

"அவரைச் சொன்னதாவது நியாயம்," என்றாள் சித்தி. "நான் யார்கிட்டடி சண்டைக்குப் போனேன்? சொல்லு! ஒரு ஆளைக் காட்டு! பெரியவரே, நீங்க என்ன முறைக்கிறீங்க?"

"நான் பேசறேன்னு சொல்றாளே," என்று ஆரம்பித்தார் மாமா, "நான் என்ன பேசறேன், கேட்டதுக்குப் பதில் சொல்றேன், அதுவும் பாருங்க, போன வாரம் ஒருத்தர் கிளிக்கூண்டோட வண்டியில ஏறினார்..."

அம்மா கையைப் பிசைந்தாள். "ஐயோ, போதும், விடுங்க, பிள்ளை படிக்கணும்."

"அம்மா, நீ சும்மா இரு!" கண்ணாடி கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து நடுக்கூடத்திலேயே சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். "இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும்." பேனா பறந்தது. ஒன்றுகூடத் தப்பில்லை.

மறுநாள் காலையில் மூவரும் அவளோடு பேசவில்லை. ஆனால் மூவரும் வந்தார்கள். மாமாவின் டாக்சியில் அம்மாவையும் சேர்த்து ஐந்து பேர். இறக்கத்தில் இன்ஜினை அணைக்கச் சொன்னார் பெரியப்பா. முந்திப்போன லாரிக்காரனைச் சித்தி ஜன்னல் வழியாக விசாரித்தாள். கிளிக்கூண்டுக்காரரின் கதை தேர்வு மையத்து வாசல்வரை வந்தும் முடியவில்லை. கண்ணாடி நடுவில் நசுங்கி, நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள்.

கணினித் தேர்வு என்பதால் முடித்த கையோடு திரையில் மதிப்பெண் வந்துவிடும். வந்தது. பல்கலைக்கழகம் கேட்டதற்கு மேலேயே வந்தது. அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். மாறவில்லை. அவளுக்கு எழுந்து கத்தவேண்டும்போல இருந்தது, கண்காணிப்பாளர் முறைத்ததால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

"பாஸ்!" என்றாள், கார் நிறுத்துமிடத்தில் நின்ற நாலு பேரிடமும்.

அம்மா அவளைக் கட்டிக்கொண்டாள். பெரியப்பா தொண்டையைச் செருமினார். "அதிருக்கட்டும். நான் வந்தேனா?"

"முதல் கேள்வியே நீங்கதான் பெரியப்பா."

பெரியப்பா நெஞ்சை நிமிர்த்திச் சுற்றிலும் பார்த்தார். "பாத்தீங்களா? முதல் கேள்வி."

"நான்?" என்றாள் சித்தி.

"வாசிப்பு முழுக்க நீங்கதான் சித்தி. பனிப்பாறை பத்தி எழுதினவனை உண்டு இல்லைன்னு ஆக்கிட்டீங்க."

"பின்ன? விடுவேனா?"

"பெத்தவ நான் வரலையா?" என்றாள் அம்மா. "ஊர்ல இருக்கிறவங்க எல்லாம் வந்திருக்காங்க."

"நீ எந்த வார்த்தையிலயும் அடங்கலம்மா."

"அடங்காதவன்னு சொல்றியா?"

இதற்குச் சிரித்துக்கொண்டே திரும்பியபோதுதான் மாமாவைப் பார்த்தாள். அவர் வண்டிக் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார். அவர் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளும் தைரியம் இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. இந்த மௌனம் நேற்று வாயில் விரல் வைத்து வரவழைத்த மௌனம் இல்லை.

கேரலஸ் வரவே இல்லை. கேள்வியிலும் இல்லை, விடைகளிலும் இல்லை.

"நீங்க மூணு தடவை வந்தீங்க மாமா," என்றாள் கண்ணாடி.

"மூணா?"

"மூணு. உங்களாலதான் கரையேறினேன்."

"மூணு தடவை!" என்றார் மாமா, அம்மாவிடம் ஒருமுறை, சித்தியிடம் ஒருமுறை, வண்டி நிறுத்தும் காவலாளியிடம் ஒருமுறை. பிறகு வண்டியைக் கிளப்பினார். கண்ணாடி முன் இருக்கையில் உட்கார்ந்தாள். சாலைக்கு வந்ததுமே அவர் ஆரம்பித்துவிட்டார், பெட்டியை மறந்து இறங்கிப்போன மணமகன் கதையை. அதை அவள் நாலைந்து முறை கேட்டிருக்கிறாள். இன்னும் சில மாதத்தில் கடல் தாண்டி ஓர் அறையில் தனியாக உட்கார்ந்திருப்போம், அங்கே இந்தக் குரல் கேட்காது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இனி அவள் எந்த வார்த்தையையும் படிக்க வேண்டியதில்லை.

சிக்னலில் வண்டி நின்றது. மாமாவும் பேச்சை நிறுத்தி, அவள் கேட்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்த்தார்.

"அப்புறம் என்னாச்சு மாமா?" என்று கேட்டாள்.