மூச்சு இருக்கும் வரை ஆட்டம்

அரைமில்லிக்கு அந்தப் பட்டப்பெயர் வந்ததற்குத் தொழில் மட்டும் காரணமில்லை. பல்செட் செய்பவர் அவர். ஒரு கடைவாய்ப்பல் அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நின்றால் சாப்பிடுகிறவர் என்ன பாடுபடுவார் என்று தெரிந்தவர். அந்தக் கண்டிப்பை ஞாயிற்றுக்கிழமை விளையாட்டிலும் கொண்டுவந்து வைத்ததால்தான் நண்பர்கள் அப்படிக் கூப்பிட்டார்கள். மருந்துக்கடைக்கு மேலே இருக்கும் அறையில் ஆறேழு பேர் கூடுவார்கள். மேஜை முழுக்க அட்டையில் செய்த வேற்றுக்கிரகம், அதில் கட்டைவிரல் உயரத்துக்கு விண்வெளி வீரர்கள். டேப்பால் அளந்து நகர்த்த வேண்டும், பகடை உருட்டிச் சுட வேண்டும். விதிகளை எழுதியவர் அரைமில்லிதான். செங்கல் கனத்துக்கு ஒரு புத்தகம். தூசிப்புயலுக்கே தனி அட்டவணை உண்டு.

அந்த அறையில் அவர் வைத்ததுதான் சட்டமாக இருந்தது. அதில் மண்ணை அள்ளிப் போட்டது வெளியாள் இல்லை, சொந்த மைத்துனன். மனைவியின் தம்பி, லிஃப்ட் மெக்கானிக். ஒரே ஒரு தாளில் இரண்டு பக்கமும் எழுதிக்கொண்டு வந்து நின்றான்.

"மச்சான், புதுசா ஒரு ஆட்டம் யோசிச்சேன். பாத்துட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

டேப் கிடையாது. பகடை கிடையாது. அந்தக் கிரகத்தில் காற்றே இல்லை என்பதால், ஆடுகிறவரும் ஒரு மூச்சை இழுத்து வாயை மூடிக்கொள்ள வேண்டும். மூச்சை அடக்கியிருக்கும் வரை தன் வீரனை விரலால் மெல்லத் தள்ளிக்கொண்டு போகலாம். மூச்சு போனால் வீரன் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும், எதிரியின் துப்பாக்கிக்கு நேராக இருந்தாலும் சரி. சுடுவதென்றால் 'சுடு' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால் மூச்சும் போச்சு, ஓட்டமும் முடிந்தது. மூச்சு விட்டதை யார் கண்டுபிடிப்பது? ஆடுகிறவரே கையைத் தூக்கி ஒப்புக்கொள்ள வேண்டும். நடுவர் இல்லை.

படித்து முடிப்பதற்குள் அரைமில்லிக்குத் தெரிந்துவிட்டது, இது பிரமாதமான ஆட்டம். வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. வருஷக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டும் தன் கைக்குச் சிக்காத ஒன்றை இந்தப் பயல் லிஃப்ட் குழிக்குள் உட்கார்ந்து கிறுக்கியிருக்கிறான்!

"ஆஸ்துமா இருக்கிறவன் என்ன பண்ணுவான்?"

"அவருக்கு ரெண்டு மூச்சு மச்சான். பின்பக்கம் எழுதியிருக்கேன்."

"எவனாவது ஏமாத்தினா?"

"ஏமாத்திட்டுப் போகட்டும். அவன் மனசுக்குத் தெரியும்ல?"

"இது ஆட்டமே இல்ல மாப்ள. மூச்சுப் பயிற்சி" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

ஆடிப் பார்த்த மற்றவர்களுக்கு அப்படித் தோன்றவில்லை. "கோவிச்சுக்காதீங்க, உங்க ஆட்டத்துல நான் பாதி நேரம் டீ குடிக்கப் போயிடுவேன். இதுல எந்திரிக்கவே மனசு வரல" என்றார் மருந்துக்கடைக்காரர். பள்ளி வேன் ஓட்டுபவர் சிகரெட்டை ஊதித்தள்ளுகிற ஆள். நாலு எண்ணுவதற்குள் இருமித் தோற்றுவிட்டு, "இன்னொரு தடவை" என்று குழந்தை மாதிரி அடம்பிடித்தார். ஒவ்வொரு பாராட்டும் அரைமில்லியின் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். அந்த வாரம் அடுப்படியில் மனைவி கன்னம் இரண்டும் உப்பிப்போய் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எந்தப் பக்கம் வலிக்குது? வாயைத் திற, பாப்போம்."

அவள் குபீரென்று சிரித்துவிட்டாள். "பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு. மூச்சுப் பிடிச்சுப் பழகுறேன். ஞாயித்துக்கிழமை நானும் வரேங்க, தம்பி ஆட்டத்துக்கு."

கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. இவள் மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து தன்னோடு ஆட வேண்டும். முதல் வருஷம் ஒருமுறை உட்கார்ந்தாள். பாதியில் தலைவலி என்று எழுந்து போனவள், அதற்குப் பிறகு எவ்வளவு கெஞ்சியும் வரவில்லை. அவளுக்கு இதில் நாட்டமில்லை என்று அவர் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தார். இப்போது தம்பி கூப்பிடாமலே ஓடுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை அறைக்குள் நுழைந்ததும் அறிவித்தார்: "நடுவர் இல்லாம ஒரு ஆட்டமா? நான் நிக்கிறேன்."

மைத்துனன் தலையைச் சொறிந்தான். "உங்க இஷ்டம் மச்சான்."

மனைவிக்கு எதிரே மருந்துக்கடைக்காரர். அவளுடைய கடைசி வீரன் திறந்தவெளியைத் தாண்டிப் பாறையைத் தொட்டுவிட்டால் வெற்றி. முகம் சிவக்க, கண் விரிய, அவள் வீரனைத் தள்ளிக்கொண்டு போனாள். அவளைச் சிரிக்கவைக்க மருந்துக்கடைக்காரர் மூக்கைச் சுருக்கிக் கோணங்கித்தனம் காட்டினார். இந்த முகத்தை அரைமில்லி பார்த்ததே இல்லை. எத்தனை அழகாக இருக்கிறாள்! அதுவும் தன் ஆட்டத்தில் இல்லை. அவள் மூக்கிலிருந்து லேசாக ஒரு காற்று.

"மூச்சு விட்டாச்சு! நில்லு!"

அவள் இடது கை அதற்குள் பாதி உயர்ந்திருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

"நானே சொல்லியிருப்பேங்க" என்றாள் மெதுவாக. "அன்னிக்கும் இப்படித்தான். நான் அளந்து வச்ச பொம்மையை எடுத்து, மறுபடி அளந்து, தள்ளி வச்சீங்க. ஒவ்வொரு தடவையும். தலைவலியெல்லாம் ஒண்ணுமில்ல."

அரைமில்லிக்கு வாய் தானாகத் திறந்தது. "எனக்குப் பொறாமை. அவன் ஆட்டத்து மேல. நீ அவன் ஆட்டத்துக்கு வந்தது மேல."

"தெரியும். வாரம் பூரா வீட்டுல உங்க மூஞ்சியப் பாத்தேனே." நாற்காலியைக் காட்டினாள். "உக்காருங்க. என்கூட ஆடுங்க."

மருந்துக்கடைக்காரர் எழுந்து இடம் கொடுத்தார். வீரர்களைப் புதிதாக அடுக்கினார்கள். ஆசைப்பட்டது நடந்துவிட்டது, இன்னொருவன் ஆட்டத்தில். அரைமில்லி மூச்சை இழுத்து, தன் வீரனைத் தள்ளினார். அவளுடைய வீரன் குறிபார்க்கும் இடைவெளியைத் தாண்டிவிட்டால் பாறை. நெஞ்சு அடைத்தது. தோற்கக் கூடாது, இவன் ஆட்டத்தில், இவள் முன்னால்.

பாறைக்கு ஒரு நக அளவு தூரம் இருக்கும்போது மூச்சு போய்விட்டது. சத்தமில்லாமல், மூக்கு வழியாக. கையைத் தூக்க வேண்டும். விரல் வீரனைப் பாறைக்குப் பின்னால் தள்ளியது.

மற்றவர்கள் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடுவாள் என்று அவர் காத்திருந்தார். சொன்னால் தேவலை என்றுகூட இருந்தது.

"பத்திரமாப் போய்ச் சேந்துட்டீங்க" என்றாள் அவள். "இப்ப என் முறை" என்று மூச்சை இழுத்துக்கொண்டாள்.