ஸ்ட்ரா இறங்கினால் மழை

வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிப்பவளுக்கு மழை என்றாலே பயம். மூன்று மாடி வீடு ஒன்றைக் கையில் எடுத்திருந்த வாரத்தில், அவளுடைய ஒன்பது வயது மகள் வாலு ஒரு காலி ஜாம் பாட்டிலோடு வந்து நின்றாள்.

"அம்மா, இனிமே மழைய நினைச்சுப் பயப்படாத. நானே முன்கூட்டி சொல்லிடறேன்."

பாட்டில் வாயில் பலூன் துண்டை இழுத்துக் கட்டி, அதன் நடுவில் ஒரு ஸ்ட்ராவின் நுனியை ஒட்டியிருந்தாள். மறு நுனிக்குப் பின்னால் கோடு போட்ட அட்டை. வெளியே காற்றழுத்தம் குறைந்தால் பலூன் நடுவில் உப்பும், பாட்டில் விளிம்பில் சாய்ந்திருக்கும் ஸ்ட்ராவின் மறு நுனி இறங்கும், மழை வரும். இதையெல்லாம் டீச்சர் சொல்லித் தந்திருந்தார். பாட்டிலைக் கொண்டுபோய் ஜன்னலோரம் வைத்தாள்.

சனிக்கிழமை மதியம் போன் வந்தது. "ஸ்ட்ரா கீழ போயிடுச்சும்மா! எல்லாத்தையும் மூடு!"

அம்மாவும் அவளோடு வேலை செய்யும் நெட்டையனும் அடித்துப்பிடித்துச் சுவரைத் தார்ப்பாயால் மூடினார்கள். பொழுது சாயும்வரை ஒரு பொட்டுத் தூறல் இல்லை.

"அக்கா, பாட்டிலுக்கு ஜலதோஷமா இருக்கும்" என்றான் நெட்டையன்.

நன்றாகத் திட்ட வேண்டும் என்றுதான் அம்மா வீட்டுக்கு வந்தாள். சுண்டிப்போயிருந்த வாலுவின் முகத்தைப் பார்த்ததும் வந்த வார்த்தையை விழுங்கிவிட்டாள். "சரி விடு. நாளைக்கு ரெண்டு பேரும் உக்காந்து பாப்போம்."

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் பாட்டிலுக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். ஜன்னல் வழியே வெயில் பாட்டில்மேல் விழ விழ, ஸ்ட்ரா இறங்கியது. வாலு நோட்டுப்புத்தகத்தை மறைப்பாகப் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் அது மெல்ல ஏறியது.

"அய்யோ அம்மா! உள்ள இருக்கற காத்து சூடாகி உப்புது! நேத்து இது மழைய சொல்லல, வெயில சொல்லியிருக்கு!"

வயிறு வலிக்கும்வரை சிரித்தார்கள். பாட்டில் உள்ளறைக்கு, வெயிலும் அடுப்புச் சூடும் எட்டாத அலமாரிக்குக் குடிபோனது.

வியாழன் காலை அங்கேயே ஸ்ட்ரா இரண்டு கோடு இறங்கியிருந்தது. வெளியே வெயில் பளீரென்று அடித்தது. அம்மா அரைமனதோடுதான் போனாள்.

"இன்னிக்கு உள்பக்கம் அடிப்போம்."

"மறுபடியும் பாட்டிலாக்கா?" நெட்டையன் தலையில் அடித்துக்கொண்டான்.

மூன்று மணிக்குக் கொட்டு கொட்டென்று கொட்டியது. பிரஷ்ஷும் கையுமாக ஜன்னலில் நின்று வாயைப் பிளந்தவன், "அக்கா, பாப்பாகிட்ட சொல்லி எனக்கும் ஒண்ணு செஞ்சு தரச் சொல்லுங்க" என்றான்.

அம்மா தொப்பலாக நனைந்து வீடு திரும்பினாள். வாசலில் மழைக்குள் குதித்துக்கொண்டிருந்த வாலு, "சொன்னேன்ல! சொன்னேன்ல!" என்று பாய்ந்து வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அம்மா பெயிண்ட் கையோடு அவளை அப்படியே தூக்கி ஒரு சுற்று சுற்றினாள்.