காயாத புத்தகங்கள்

காலையில் எழுந்ததும் அடுப்பிலிருந்து சாம்பல் அள்ளுவேன். விறகு வைப்பேன். தீ பிடித்ததும் காபிச் செம்பை ஏற்றிவிட்டு, அது பொங்குவதற்குள் மேசைமேல் விரித்து நிறுத்தியிருக்கும் புத்தகங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பேன். எல்லாம் ஈரமாக இருக்கும். முந்தின நாள் மாலையில் காய்ந்திருந்தவைதான். தாள்களுக்கிடையே வைத்த காகிதத் துண்டுகளை உருவிவிட்டுப் புதியவை வைப்பேன். காபி பொங்கி அடுப்பில் வழியும். துடைப்பேன்.

கடல் தண்ணீர் பட்ட தாள் அப்படித்தான். உப்பு உள்ளே தங்கிவிடும். பகலில் அடுப்புச் சூட்டில் மொரமொரப்பாகி, இரவில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நான் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவன். முதல் நாளே நல்ல தண்ணீரில் அலசிவிட்டுக் காயவைத்திருக்க வேண்டும். தெரிந்துதான் இருந்தது. நனைந்த புத்தகத்தை மறுபடி நனைக்கக் கை வரவில்லை.

எங்கள் தெரு பொமோரியே ஊரில் கடலை ஒட்டிய கடைசித் தெரு. புயலன்று கணுக்கால் உயரத்துக்குத் தண்ணீர் உள்ளே வந்தது. விடியும்வரை இருந்துவிட்டுப் போய்விட்டது. அலமாரியின் கீழ்த்தட்டுகள் நனைந்தன. அவை நெவெனாவுடையவை. அவள் குட்டை, நான் நெட்டை என்பதால் தட்டுகளை அப்படிப் பிரித்துக்கொண்டிருந்தோம். நெவெனா என் மனைவி. வசந்தத்தில் இறந்துபோனாள். வீட்டுக் கதவில் ஒட்டியிருந்த அவளுடைய நாற்பதாம் நாள் அஞ்சலித் தாளையும் புயல் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. நாலு மூலைகளில் பசை மட்டும் இருக்கிறது.

மின்சாரம் வரவில்லை. பள்ளியும் திறக்கவில்லை. நெவெனாவின் அம்மா தோத்காவின் வீடு ஊருக்குள் ஒரு மூன்றாம் மாடியில். அங்கே குளிருக்கு மின்சாரக் கணப்பு மட்டும்தான். என்னிடம் விறகடுப்பு இருந்ததால், ஒரு பையில் துணி, ஒரு பையில் கம்பளி நூல் என்று புயலுக்கு மறுநாளே வந்துவிட்டார். நானும் அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவேன்.

பகல் முழுக்க இரண்டு பேரும் அடுப்புக்கருகே இருந்தோம். அவர் பீன்ஸ் சூப் வைத்தார், மறுநாள் அதையே சுடவைத்தார், அதற்கு மறுநாள் அதில் தண்ணீர் ஊற்றினார். மற்ற நேரம் பின்னினார். நான் தாள் மாற்றினேன். சில பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். மழுங்கிய கத்தியை உள்ளே விட்டுப் பிரிக்க வேண்டும். பிரிக்கும்போது கண்ணில் படுகிற ஒரு வரியைப் படிப்பேன். ஏதோ ஒரு வீட்டில் யாரோ யாருக்கோ தேநீர் ஊற்றுவார்கள். அடுத்த வரிக்குப் போகமாட்டேன். எதையும் முழுசாகப் படிக்கத் தெம்பில்லை.

"காலை நீட்டு மாப்ள," என்றார் ஒருநாள்.

நீட்டினேன். பாதி பின்னிய கம்பளிச் செருப்பை என் பாதத்தில் வைத்து அளந்தார்.

"இது காலா, படகா? என் நூலெல்லாம் இதுக்கே போயிரும் போல."

"எனக்கு எதுக்கும்மா?"

"தரை ஐஸா கிடக்கு. நீயும் படுத்துட்டா நான் யார்கூட சண்டை போடறது?"

சண்டை இல்லாமலும் இல்லை. நான் விறகு எடுத்துவரப் போகும்போதெல்லாம் மேசையிலிருந்து ஒன்றிரண்டு புத்தகங்களை எடுத்து, நாற்காலி முதுகில் குதிரை ஏற்றுவதுபோலக் கவிழ்த்துவிடுவார். உப்பில் ஊறி முதுகில் பசை விட்ட புத்தகங்கள். நான் வந்து எடுத்து மறுபடி நிறுத்துவேன்.

"கவுத்துப் போட்டா சீக்கிரம் காயும்."

"இப்படியே இருக்கட்டும்மா."

"ஆமா, வாத்தியாருக்குத் தெரியாததா. ஒரு வாரமா காய வைக்கிறாரு, இன்னும் பிழிஞ்சா தண்ணி வருது."

வியாழக்கிழமை என் அண்ணன் பிளாமென் ப்ளோவ்டிவிலிருந்து கூப்பிட்டான். அவன் கத்திப் பேசுகிறவன். "அங்க என்னடா இருக்கு உனக்கு? உப்புத் தண்ணி பூந்த வீடு. இங்க ஒரு ஸ்கூல்ல கெமிஸ்ட்ரிக்கு ஆள் கேக்கறாங்க. கிளம்பி வா." பார்க்கலாம் என்றேன். கைப்பேசி அணைந்துபோனது. அம்மா முதுகைக் காட்டி உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தார். ஊசிகள் நின்று, பிறகு மறுபடி ஓடின. அவருக்கு நெவெனா ஒரே பிள்ளை.

அன்று மாலை எதிர்வீட்டு மின்கா ஒரு ஜாடி ஊறுகாய் மிளகாயோடு வந்தாள். மேசையைப் பார்த்தாள்.

"இதென்ன, வாசக சாலையா, சலவைக் கடையா?"

"உக்காரு. உன் வாய் அடுப்பவிட நல்லா எரியும்," என்றார் அம்மா.

மின்கா உட்காரவில்லை. போகும்போது என் தோளைத் தட்டினாள். "நீ நல்ல பையன் யாவோர். அவ போறப்ப சொல்லிட்டுப் போனத காப்பாத்தற. 'அம்மாவைத் தனியா விட்டுடாத'ன்னாளாமே. கேட்டதிலிருந்து எனக்கு மனசே ஆறல."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் கண்ணிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

நெவெனா கடைசியாக என்ன சொன்னாள் என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. அம்மாவும் கேட்டதில்லை. கேட்டுவிடுவாரோ என்று இந்த ஆறு மாதமும் இருந்தேன். அவரும், நான் சொல்வேனோ என்று இருந்திருக்கிறார். நான் சொல்லாததால், அந்த இடத்தில் தனக்கு வேண்டியதை வைத்துக்கொண்டிருக்கிறார். அதில் ஒரு கெடுதலும் இல்லை என்றுதான் தோன்றியது.

சனிக்கிழமை அவளுக்கு அரையாண்டு நினைவு நாள். வெள்ளிக்கிழமை கோதுமை வேகவைத்தோம். கல்லறையில் வருகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டும். வெந்த கோதுமையை நான் அலச, அம்மா வெள்ளைத் துணியில் பரப்பி உள்ளங்கையால் தட்டையாக்கினார். காலைக்குள் உலர்ந்தால்தான் சர்க்கரையும் வால்நட்டும் ஒட்டாமல் கலக்கும். புத்தகங்களைத் தள்ளிவைத்து மேசையில் பாதி இடம் கொடுத்தேன்.

"அச்சுக் கடைக்காரன் ஜெனரேட்டர் வச்சிருக்கான். அரையாண்டு அஞ்சலி பேப்பர் இன்னைக்கே அடிச்சுத் தர்றானாம்," என்றார். "அவன் பட்டியல்ல இருக்கற பதினோராம் நம்பர் கவிதை போடவான்னு கேட்டான். ஊர்ல பாதிக் கதவுல அதான் தொங்குது. வேணாம்னுட்டேன். அவ சொன்னதையே போட்டுரலாம்."

கோதுமையைத் தட்டிக்கொண்டே, நிமிராமல் கேட்டார். "அப்படித்தானே சொன்னா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். ஆனால் அது தெருமுழுக்க ஒட்டப்படும், மழையில் நனையும், அதற்குப் பிறகு அவள் உண்மையில் சொன்னது எனக்கே சந்தேகமாகிவிடும். அவள் குரலில் என்னிடம் மிச்சமிருப்பது அது ஒன்றுதான்.

"பேப்பர்ல அதையே போடுங்கம்மா," என்றேன். "நான் ப்ளோவ்டிவ் போகல. எங்கயும் போகத் தெம்பில்ல. ஆனா அவ அப்படிச் சொல்லல."

கை நின்றது.

"பின்ன?"

"பேப்பர்ல போடற மாதிரி இல்ல. சின்ன விஷயம்."

"பேப்பருக்காகவா கேக்கறேன்?"

சொன்னேன். ஆஸ்பத்திரியில் அன்று மதியம் அவளுக்குக் காய்ச்சல் இறங்கியிருந்ததால் அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தோம். நெவெனா கண்ணை மூடிக் கிடந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கொண்டுவந்திருந்த துப்பறியும் நாவலைப் படித்துக்கொண்டிருந்தேன். காபி வாங்கிவர எழுந்தேன். பக்கம் தவறக் கூடாதென்று புத்தகத்தை விரித்தபடியே கட்டில் ஓரத்தில் கவிழ்த்து வைத்தேன். கதவுவரை போயிருப்பேன். அப்போது சொன்னாள். கண்ணைத் திறக்கவில்லை. காபியோடு திரும்பியபோது கட்டிலைச் சுற்றி நர்ஸ்கள் நின்றிருந்தார்கள்.

அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்.

அம்மா கையில் ஒட்டியிருந்த கோதுமையை மடியில் துடைத்தார். எழுந்து போனார். காலையில் நாற்காலி முதுகில் தான் போட்டிருந்த புத்தகத்தை இரண்டு கையாலும் எடுத்தார். மேசையில், கோதுமைக்குப் பக்கத்தில், தாள்களை விரித்து நிறுத்தினார். அது சாய்ந்தது. பிடித்து மறுபடி நிறுத்தினார்.

"அவ சொன்னத இன்னொரு தடவை சொல்லு."

சொன்னேன்.

"கவுத்து வைக்காதடா. முதுகு உடைஞ்சிரும்."