உட்கருவுக்குள் ஒரு மடிப்பு

ரோச்சின் கழுத்திலிருந்த கட்டியில் ஊசி குத்திச் சோதனைக்குச் செல்களை எடுத்தது அவர் மகள் டயானாதான். தூத்துக்குடியில் ஒரு ஆய்வகத்தில் அவள் நோயியல் மருத்துவர். ரோச் மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் கூறுகிறவர். விசைப்படகுகள் வந்து சேர்ந்துவிட்டால், ஐஸ் உடைக்கிற சத்தத்தையும் மீறி அவர் குரல் ரோடு வரைக்கும் கேட்கும்.

"கொழுப்புக் கட்டியா இருக்கும்ளா" என்று சொல்லிக்கொண்டேதான் வந்து உட்கார்ந்தார்.

மறுநாள் அந்த ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். ஒரு செல்லின் உட்கருவுக்கு நடுவே, ஓரம் வெட்டி எடுத்ததுபோல் வெளிறிய வட்டம். உட்கருவைச் சுற்றியிருக்க வேண்டிய சவ்வு உள்பக்கமாக மடிந்து, ஒரு பைபோல் உள்ளே இறங்கியிருந்தது. தைராய்டில் இதைப் பார்த்தால் பெரும்பாலும் புற்றுதான். எத்தனையோ பேருக்கு அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

சாயம் சரியாக ஏறவில்லையோ என்று நினைத்தாள். நகர்த்தித் தேடினாள். இன்னொரு செல்லிலும் அதே வட்டம். அப்பா என்கிற பயத்தில் இல்லாததைப் பார்க்கிறோமோ என்று அதையும் நம்ப முடியவில்லை. ஸ்லைடை எடுத்துக்கொண்டு, தனக்கு வேலை கற்றுக்கொடுத்த ஜெயசிங் டாக்டரிடம் போனாள். யாருடையது என்று சொல்லவில்லை.

அவர் நிதானமாகப் பார்த்தார். "தெளிவா இருக்கே டயானா. இந்த ஓரத்துல இன்னும் நாலஞ்சு செல்லு கெடக்கு. இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

டயானா ஸ்லைடை எடுக்கக் கை நீட்டினாள். அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். யாருடையது என்று கேட்காமலே ஸ்லைடை அவளிடம் கொடுத்தார்.

வீட்டில் ரோச் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து சொன்னாள். "புத்துதான்ப்பா. ஆனா மெதுவா வளருத ஜாதி. எடுத்துட்டா நல்லாயிரும்."

"கொரலு?"

"கட்டி கொரல் நரம்பு பக்கத்துல இருக்கு. ஒட்டியிருந்தா கஷ்டம்."

"அப்ப அந்த நரம்ப விட்டுட்டு வெட்டச் சொல்லு" என்றார், கையைக் கழுவிக்கொண்டே.

மதுரையில் அறுவை சிகிச்சை நடந்தது. நரம்பில் கட்டி ஒட்டித்தான் இருந்தது; நரம்பையும் சேர்த்து வெட்ட வேண்டியதாயிற்று. நோய் முழுதாகப் போய்விட்டது என்றார்கள். ரோச்சின் தொண்டையில் மிஞ்சியது காற்று மட்டும். ஒரு மாதம் மகளிடம் பேசாமலே இருந்தார். ஒருநாள் மருந்து கொடுக்க வந்தவளின் கையைப் பிடித்து நிறுத்தி, "நீ பாக்காமலே இருந்திருக்கலாம்" என்றார். அந்தக் காற்றுக் குரலில் கோபம்கூடச் சரியாக வரவில்லை. டயானா மாத்திரையைப் பிரித்துக் கையில் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய் நின்றுகொண்டாள்.

அதற்குப் பிறகு அவர் மறுபடியும் துறைமுகத்துக்குப் போக ஆரம்பித்தார். இப்போது ஏலம் கூறுவது அவருடைய தம்பி மகன் டெரன்ஸ். ஒரு சாயங்காலம் அவரைக் கூட்டிவரப் போன டயானா கூட்டத்துக்கு வெளியே நின்றாள். பின்னால் ஒரு பெண் விலையை ஏற்றிக் கேட்டதை டெரன்ஸ் கவனிக்கவில்லை. ரோச் அவன் தோளைத் தட்டினார். டெரன்ஸ் குனிந்து, அவர் வாயருகே காதைக் கொடுத்து, கேட்டுக்கொண்டு அந்த விலையைக் கூவினான்.

ஏலம் முடிந்ததும் ரோச் மகளைப் பார்த்தார். உதடு அசைந்தது. இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. டயானா கூடைகளைத் தாண்டி, தேங்கிக் கிடந்த ஐஸ் தண்ணீரை மிதித்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"என்னப்பா?"

"செருப்ப நனைச்சுட்டியே" என்றார்.