எதிர்காலம் போல்ட்டன் பேச்சு பேசியது

வேரா டூட்டில் எழுதிய முதல் டெலிவிஷன் நாடகம் ஒளிபரப்பான அன்று நானும் அவளோடு மான்செஸ்டர் ஸ்டூடியோவுக்குப் போயிருந்தேன். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. லங்காஷயர் பக்கம் எங்கள் ஊரான போல்ட்டன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் என் பக்கத்து நாற்காலி அவளுடையது. லைன் கிடைக்கவில்லை என்று கத்துகிற ஆலை முதலாளிகளிடம், "மெதுவாப் பேசுங்க சார், நான் உங்க சம்சாரம் இல்ல, வெறும் ஆபரேட்டர்" என்று சொல்லி வாயடைக்கிறவள் அவள். அவளுக்கா பயம்?

"அது வேற ஐவி," என்றாள் பஸ்ஸில். "அங்க கத்துறது அவங்க. இங்க பேசப்போறது என் கதைடீ."

கடலுக்கு அடியில் ஓடும் பருத்தி ஆலைகள், செவ்வாய் கிரகத்தில் வாடகைக்கு வீடு தேடும் குடும்பங்கள் என்று அவள் பல வருஷமாக எழுதிக்கொண்டிருந்தாள். டீ இடைவேளையில் காண்டீன் மூலையில் உட்கார்ந்து எழுதுவாள். அட்டையில் பல்லிமுக ராட்சசர்கள் இருக்கும் மலிவுப் பத்திரிகைகளில் அவை வரும். 'வி. டூட்டில்' என்றுதான் பெயர் போடுவார்கள். கதையைப் படித்தவர்கள் எல்லாரும் 'அன்புள்ள ஐயா' என்றே கடிதம் போட்டார்கள். அவளுடைய அம்மாவுக்கு மட்டும் பொறுக்கவில்லை. "ஊர்ல இத்தனை பையன் இருக்கான், நீ செவ்வாய் கிரகத்துல மாப்பிள்ளை பாரு," என்பாள்.

அந்தக் கதைகளில் ஒன்றைத்தான் டெலிவிஷன்காரர்கள் கேட்டார்கள். ஒரு ஆபரேட்டர் வழக்கம்போல வயரைச் சொருகுகிறாள். எதிர்முனையில் இருநூறு வருஷத்துக்குப் பிந்தைய குரல் ஒன்று பேசுகிறது. வேராவின் கதையில் அந்தக் குரலும் ஒரு ஆபரேட்டருடையதுதான். இதே ஊர், இதே பேச்சு.

இயக்குநர் கார்ஸ்டன் லண்டன்காரர். ஒத்திகையின் முதல் நாளே அந்தக் குரலை மாற்றிவிட்டார். ஆபரேட்டர் போய் ஒரு மகா அறிஞர் வந்தார். வசனங்களையும் அவரே எழுதிக்கொண்டார்.

"இருநூறு வருஷம் கழிச்சும் ஜனங்க இப்படியேவா பேசிட்டிருப்பாங்க, மிஸ் டூட்டில்? அதுக்குள்ள எல்லாரும் திருத்தமாப் பேசப் பழகியிருப்பாங்க."

"யார் மாதிரி? உங்க மாதிரியா?" என்று கேட்டாள் வேரா.

"ஆமா," என்றார் அவர். கிண்டல் அவருக்கு உறைக்கவே இல்லை.

அறிஞருக்குக் குரல் கொடுக்க வந்தவர் பெர்சிவல் ஓக்லி. அவர் தண்ணீர் கேட்டால்கூட மாதா கோயில் மணி அடிப்பது போல இருக்கும். ஆபரேட்டராக நடித்தவள் டயானா ஃபேர். அரண்மனையில் பிறந்தவள் போல ஆங்கிலம் பேசுவாள். ஒத்திகைக்கு ஒரு நாள் நானும் போயிருந்தேன். ரெண்டு பேர் பேச்சையும் கேட்டுவிட்டு வேரா என் காதில், "என் கதைக்கு யாரோ கோட்டு சூட்டு மாட்டி விட்டுட்டாங்கடீ," என்றாள். குரலில் சிரிப்பு இருந்தது, கண்ணில் இல்லை.

ஒளிபரப்பு நாள் சாயங்காலம் நாங்கள் மழையில் சொட்டச் சொட்ட நனைந்து ஸ்டூடியோவுக்குள் நுழைந்தோம். ஒரு பழைய நாடகக் கொட்டகையை மாற்றிக் கட்டிய இடம் அது. நடுவில் எங்கள் எக்ஸ்சேஞ்ச் போலவே ஒரு செட். ஓரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. ஓக்லி அதற்குள் உட்கார்ந்து மைக்கில் பேசினால் டயானாவின் காதுக்குழாயிலும் கேட்கும், நாடு முழுக்க வீடுகளிலும் கேட்கும். அப்போதெல்லாம் நாடகங்கள் நேரடியாகத்தான் போகும். தப்பு வந்தால் வந்ததுதான்.

எட்டு மணிக்கு ஆரம்பித்தது. முதல் பாதி நன்றாகவே போனது. வேரா என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியில் எனக்குக் கை மரத்துவிட்டது.

விளம்பர இடைவேளை வந்ததும் ஒலிப் பிரிவுக்காரன் சிட் தலைதெறிக்க ஓடிவந்தான்.

"ஓக்லி லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாரு!"

மாடியில் மேக்கப் அறைக்குப் போயிருக்கிறார் மனிதர். குரல் மட்டும் கொடுக்கிறவருக்கு மேக்கப் எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள்.

"இறக்குய்யா அவரை!" என்று கத்தினார் கார்ஸ்டன்.

"ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்குது சார். கதவு அசைய மாட்டேங்குது. உள்ள நின்னு வசனம் பேசுறாரு, அது மட்டும் தெளிவாக் கேக்குது."

கார்ஸ்டனின் முகம் வெளுத்துவிட்டது. "வேற ஆம்பளை யாரு இருக்கா? யாராவது!" ஆண்கள் எல்லாரும் ஆளுக்கொரு கேமராவையோ விளக்கையோ பிடித்துக்கொண்டிருந்தார்கள். கார்ஸ்டனே பேசலாம் என்றால், அவர் மேலே கட்டுப்பாட்டு அறையில் இல்லாவிட்டால் எந்தப் படமும் வெளியே போகாது.

"நான் பேசுறேன்," என்றாள் வேரா.

"நீங்களா? அது ஒரு பேரறிஞர்!"

"உங்க பேரறிஞர் லிஃப்ட்ல இருக்காரு. நான் இங்க இருக்கேன்."

இடைவேளை முடியப்போகிறது என்று சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது. கார்ஸ்டன் ஸ்கிரிப்டை அவள் கையில் திணித்தார். "இதுல உள்ளதை அப்படியே படிங்க. ஒரு சொல் மாறக்கூடாது!" என்று சொல்லிக்கொண்டே படியேறி ஓடினார்.

வேரா கூண்டுக்குள் போய் உட்கார்ந்தாள். நான் கூண்டின் வாசலில் நின்றேன். செட்டில் டயானா வயரைச் சொருகினாள். கேமரா அவள் முகத்தை நெருங்கியது.

"கடந்த நூற்றாண்டின் மாந்தரே..." என்று ஆரம்பித்த வேரா அதோடு நின்றுவிட்டாள்.

லட்சக்கணக்கான வீடுகளில் மௌனம் போய்க்கொண்டிருந்தது. போச்சு, மயங்கி விழப்போகிறாள் என்று நினைத்தேன். வேரா மயங்கவில்லை. ஸ்கிரிப்டை மெதுவாகக் கவிழ்த்து வைத்தாள். மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். தினமும் என் காதில் விழுகிற அதே குரலில் பேசினாள்.

"ஹலோ... லைன்ல யாராச்சும் இருக்கீங்களா? கண்ணு, யாரும்மா அது?"

டயானா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். நடிப்பில்லை அது. அவள் எதிர்பார்த்த மணிக்குரல் எங்கே, இது எங்கே! திறந்த வாயிலிருந்து அரண்மனைப் பேச்சு வரவில்லை.

"இருக்கேன். நீங்க யாரு? எங்கருந்து பேசுறீங்க?"

சிட் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். அப்பட்டமான விகன் பேச்சு! எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். டயானா ஃபேர் பக்கத்து ஊர்ப் பெண் என்பது அந்த நிமிஷம் வரை ஒருத்தருக்கும் தெரியாது.

"போல்ட்டன்லருந்துதான்மா," என்றாள் வேரா. "ஆனா உங்க போல்ட்டன் இல்ல. நீங்கல்லாம் போய் இருநூறு வருஷம் ஆச்சு. போர்டுல நான் ஒருத்திதான் இருக்கேன். இந்த லைன் செத்துப்போச்சுன்னு சொன்னாங்க. சும்மா சொருகிப் பார்த்தேன்."

"நெசமாவா? அங்க எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"இருக்கோம். சாப்பாட்டுக்குக் கொறை இல்ல. ஒண்ணு கேக்கட்டுமா? சிரிக்கக் கூடாது."

"கேளுங்க."

"அங்க மழை பெய்யுதா?"

டயானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இங்க அது எப்ப நின்னுச்சு?"

"எங்க பாட்டி காலத்துலயே நின்னுபோச்சு. நான் பார்த்ததே இல்ல. அந்தச் சத்தம் எப்படி இருக்கும்னு கேக்கணும். பேசுற குழாயைக் கொஞ்சம் ஜன்னல் பக்கமாப் பிடிக்கிறியா, கண்ணு?"

செட்டில் ஜன்னலே இல்லை. டயானா எழுந்து நின்றாள். எங்கே போவது என்று தெரியாமல் பேசுகிற குழாயைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்தாள். கேமரா தட்டுத்தடுமாறி அவள் பின்னால் போனது. "மழைச் சத்தம் கைவசம் இல்லையே!" என்று சிட் தலையில் கை வைத்தான்.

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "வெளியே கொட்டுது பாருய்யா! மைக்கைத் தூக்கு!"

ஓடினோம். பின்வாசல் கதவில் ஒரு கனத்த இரும்புத் தாழ்ப்பாள் துருவேறிக் கிடந்தது. கையால் இழுத்தேன், வரவில்லை. ஷூவைக் கழற்றி நாலு போடு போட்டேன். தாழ்ப்பாள் விட்டதும் காற்று கதவைப் பிடுங்கிக்கொண்டு போனது. சிட் மைக்கை வெளியே நீட்டினான். குப்பைத்தொட்டி மூடிகளிலும் தகரக் கூரையிலும் மான்செஸ்டர் மழை பேயாட்டம் ஆடியது. என் தலையெல்லாம் நனைந்தது. சிட் ஈ என்று இளித்துக்கொண்டு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

திரும்பி வந்து கூண்டைப் பார்த்தேன். வேரா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இதுவா?" என்றாள்.

"இதுதான்," என்றாள் டயானா. அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம் பிடிச்சிரு."

மழை மட்டும் பேசியது. பிறகு வேரா கடிகாரத்தைப் பார்த்தாள். இணைப்பை எப்போது எடுக்க வேண்டும் என்று ஒரு ஆபரேட்டருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"நேரம் முடிஞ்சிருச்சு கண்ணு. நான் லைனை எடுக்கணும். நனையாமப் போய்ச் சேரு."

திரை இருண்டது. ஒரு விநாடி கழித்து கேமராக்காரர்கள் கைதட்டினார்கள். டயானா காதுக்குழாயோடு ஓடிவந்து வேராவைக் கட்டிக்கொண்டாள்.

கார்ஸ்டன் படிகளில் தடதடவென்று இறங்கிவந்தார். "என் நாடகத்தைக் கொன்னுட்டீங்க! வரிக்கு வரி கொன்னுட்டீங்க!"

அவர் முடிப்பதற்குள் டெலிபோன் அடித்தது. அதை எடுக்க ஆளில்லை, நான் எடுத்தேன். பழக்கதோஷம். ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர்: "எதிர்காலத்துல எல்லாரும் லங்காஷயர்காரங்களாத்தான் இருப்பாங்களா? நாடு எங்க போயிட்டிருக்கு?"

"மழைக்கு ஒதுங்கத்தான் சார்," என்று சொல்லி ரிசீவரை வைத்தேன். மறுபடி அடித்தது. சால்ஃபோர்டிலிருந்து ஒரு அம்மா: "ஒண்ணுமில்லம்மா. ஜன்னலைத் திறந்து வச்சிட்டு நானும் எங்க வீட்டுக்காரரும் உட்கார்ந்திருக்கோம். அதைச் சொல்லணும்னு தோணிச்சு." அதற்குப் பிறகு எனக்கு மூச்சுவிட நேரமில்லை. கூப்பிட்டவர்கள் சொன்னதை எல்லாம் நான் உரக்கச் சொல்லச் சொல்ல, கார்ஸ்டனின் கோபம் இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அது என் நாடகம் இல்ல," என்றார் வேராவிடம். "உங்களோடதுதான்."

அந்த நேரம் பார்த்து ஓக்லி உள்ளே வந்தார், முகம் நிறைய பவுடரோடு. "யாம் தயார்," என்றார்.

மறுநாள் காலை எக்ஸ்சேஞ்சில் வேரா நுழைந்ததும் பெண்கள் எல்லாரும், "கண்ணு, அங்க மழை பெய்யுதா?" என்று கோரஸாகக் கத்தினார்கள். மேற்பார்வையாளர் மிஸ் என்ட்விசில் ஒரு பார்வை பார்த்தார். அடங்கினோம்.

பதினொரு மணி வாக்கில் என் போர்டில் லண்டன் லைன் ஒளிர்ந்தது. ஒரு பெண்குரல், தன்னை ஒரு பதிப்பகத்தின் ஆசிரியர் என்று சொல்லிக்கொண்டது. போல்ட்டனில் டூட்டில் என்கிற எழுத்தாளரைத் தெரியுமா என்று கேட்டது.

"தெரியுமாவா?" என்றேன். "எட்டி உதைச்சா அவ மேல படும்!"

வேலை நேரத்தில் சொந்த அழைப்பு எடுத்தால் சீட்டுக் கிழிந்துவிடும். மிஸ் என்ட்விசில் ஏற்கனவே எங்கள் பின்னால் வந்து நின்றிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் வேராவின் தலையிலிருந்து காதுக்குழாயைத் தம் கையாலேயே கழற்றினார்.

"டூட்டில், என் ரூமுக்குப் போய்ப் பேசு. கதவைச் சாத்திக்க. உன் போர்டை நான் பார்த்துக்கறேன்." அவர் வேராவின் நாற்காலியில் உட்கார்ந்து, எங்கள் எல்லாரையும் விட வேகமாக வயர்களைச் சொருக ஆரம்பித்தார்.

வேரா திரும்பி வந்து என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நாவல் கேக்குறாங்க ஐவி. முழு நாவல். ஆபரேட்டர் கதையைப் பெருசா எழுதணுமாம். எழுதி வச்சிருக்கீங்களான்னு கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

"கிட்டத்தட்ட முடிஞ்சிருச்சுன்னு."

"முடிஞ்சிருச்சா?"

"ஒரு வரிகூட எழுதலடீ!"

மிஸ் என்ட்விசில்தான் முதலில் சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தோம்.

அந்தக் குளிர்காலம் முழுக்க வேரா எழுதினாள். அத்தியாயம் முடிய முடிய நான் காண்டீனில் உரக்கப் படிப்பேன். பெண்கள் டீயை ஆறவிட்டுக் கேட்பார்கள். சண்டை போடுவார்கள். "அவ அந்தப் பய பின்னாடியெல்லாம் போகக் கூடாது" என்று ஒருத்தி அழுததால் வேரா அந்த அத்தியாயத்தையே மாற்றினாள். அதற்குப் பிறகு எத்தனையோ நாவல்கள் எழுதினாள், வேலையை விட்டாள், பரிசுகள் வாங்கினாள், அமெரிக்காவுக்கெல்லாம் போய் அதே போல்ட்டன் பேச்சில் மேடையில் பேசிவிட்டு வந்தாள். ஆனால் அவளைப் பற்றி நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது வேறொரு நாள்.

முதல் நாவல் கடைக்கு வந்த சனிக்கிழமை. போல்ட்டன் ரயில் நிலையப் புத்தகக் கடையில் அது இருந்தது. அட்டையில் 'வேரா டூட்டில்' என்று முழுப் பெயர். ரெண்டு பேரும் ஏதோ வண்டிக்குக் காத்திருப்பவர்கள் போல நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். தொப்பி போட்ட ஒரு மனிதர் வந்தார். அதை எடுத்தார், புரட்டினார், வைத்தார். வேரா என் கையைக் கிள்ளினாள். அவர் மறுபடி எடுத்தார். வாங்கிக்கொண்டு பிரஸ்டன் வண்டியில் ஏறினார்.

"வாடீ!" என்றாள் வேரா.

"டிக்கெட்?"

"வாடீன்னா!"

அவருக்கு எதிர் இருக்கையில் போய் உட்கார்ந்தோம். வண்டி கிளம்பியது. அவர் படித்தார். வேரா ஜன்னலைப் பார்க்கிற பாவனையில் அவர் முகத்தையே படித்தாள். ஒரு இடத்தில் அவர் உதடு துடித்தது. "எந்தப் பக்கம்? எந்தப் பக்கம்?" என்று என் விலாவில் இடித்தாள். நான் தலையைச் சாய்த்துப் பார்த்தேன், தெரியவில்லை.

வண்டி ஒவ்வொரு ஸ்டேஷனாக நின்று புறப்பட்டது. டிக்கெட் பரிசோதகர் வந்து எங்களைக் கையும் களவுமாகப் பிடித்தார். வேரா அபராதத்தோடு காசை நீட்டினாள், கண்ணை அந்த மனிதரிடமிருந்து எடுக்கவே இல்லை. அடுத்து பரிசோதகர் அந்த மனிதரின் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார்.

"சார், நீங்க சோர்லில இறங்கணும். சோர்லி போயி ரெண்டு ஸ்டேஷன் ஆச்சே."

அந்த மனிதர் நிமிர்ந்தார். வெளியே பார்த்தார். ஒரு விரலைப் பக்கத்துக்கு நடுவில் வைத்துக்கொண்டார்.

"பரவாயில்ல," என்றார். "பிரஸ்டனுக்கே ஒரு டிக்கெட் கொடுத்துருங்க."